அப்பா கழற்றி வைத்த செருப்பு

போன கிழமை நம் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எல்லோரையும் போல நானும் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்டி ஏரிக்கரை. முகில் போல வளைந்து வளைந்து போகும் வெள்ளை மதில். அதன் முன்னால் மூன்று வரிசையில் நாம், ஆறாம் வகுப்பு. இன்றைக்கு நம்மில் பாதிப் பேர் கண்ணாடி போடுகிறோம், மீதிப் பேர் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறோம். படத்தில் எல்லோருக்கும் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை.

"முன்வரிசையில குனிஞ்சுகிட்டு இருக்கிறது யாரு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பிள்ளையின் வகிடும் இரண்டு பின்னலும்தான் தெரிகின்றன. யாருக்கும் பெயர் வரவில்லை.

அடுத்ததாக இன்னொருவர், படத்தின் வலது ஓரத்தில் பாதி உடம்போடு நிற்கும் மனிதரைச் சிவப்பு வட்டமிட்டு, "டேய், செருப்புக் கள்ளன்!" என்று எழுதினார். அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வந்து கொட்டின.

என் மகன் நான் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. "யாரும்மா இது? உண்மையிலேயே கள்ளனா?" என்றான்.

"அப்பிடித்தான் சொன்னாங்க," என்றேன்.

அவன் சரி என்று போய்விட்டான். நான் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அதன் காரணத்தை உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

நான் ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்பது உங்களில் பலருக்கு அப்போது தெரியாது. தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். புலமைப்பரிசில் பாஸானதும் என்னைக் கண்டி டவுனில் அத்தை வீட்டில் விட்டார்கள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு தவறாமல் முதல் பஸ் பிடித்து என்னைப் பார்க்க வருவார். அவர் சட்டையில் எத்தனை தரம் துவைத்தாலும் போகாத காய்ந்த கொழுந்து வாசனை இருக்கும். வாரம் முழுவதும் அந்த வாசனைக்காக ஏங்குவேன். ஞாயிறு வந்தால், பஸ்ஸில் யாருக்காவது அது தெரியுமோ என்று பயப்படுவேன்.

அந்தத் தவணையில்தான் சமூகக்கல்வி டீச்சர் நமக்கு அந்த வேலையைத் தந்தார். ஞாபகம் இருக்கிறதா? "நாம இருக்கிறது கடைசி ராஜாவோட தலைநகரம். பக்கத்துலயே இருந்துகிட்டு ஒருத்தரும் பாக்கிறதில்ல. ஒவ்வொரு பழைய கட்டடமா போய்ப் பாத்து, கொப்பியில படம் கீறி, ரெண்டு வரி எழுதிக்கிட்டு வாங்க." அப்படித்தான் அப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டியைச் சுற்றத் தொடங்கினோம்.

எனக்கு வரலாறு சொல்லித் தர அவருக்குத் தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் வேறு. ராஜசபை மண்டபத்தில் நான் தூண்களின் செதுக்கு வேலையைக் கீறிக்கொண்டிருந்தால், அவர் மண்டபத்தைச் சுற்றிக் குனிந்தபடி நடப்பார். "பாப்பா, இங்க வா. தண்ணி எங்கிட்டுப் போவுதுன்னு பாரு. எம்புட்டு மழ பேஞ்சாலும் ஒரு சொட்டு நிக்காது. இந்தத் தண்ணிக் கான் வெட்டுனவன் கெட்டிக்காரன்." வெள்ளைக்காரரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், காய்ச்சலில் செத்த சிறு பிள்ளைகளின் கற்களை வாசிக்கச் சொல்லி உச்சுக் கொட்டினார். "தொரைமாரும் புள்ளைங்களப் பறிகுடுத்துட்டுத்தான் போயிருக்காங்க." ஏரிக்கு மேலே உள்ள பூங்காவில் பழைய பீரங்கியின் வாய்க்குள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "குருவி கூடு கட்டிருக்கு," என்றார். நான் கொப்பியில் பீரங்கியைக் கீறினேன். கூட்டைக் கீறவில்லை.

ஒன்றுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. எந்தப் பெரிய கட்டடத்துக்குப் போனாலும் அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவார். கோயில், விகாரை என்றால் சரி. அவர் தபால் கந்தோரிலும் கழற்றினார், ரயில்வே ஸ்டேஷனில் டிக்கட் வாங்கும் மண்டபத்திலும் கழற்றினார். நூதனசாலை வாசலில் காவல்காரர் "கமக் நே, கமக் நே" என்று கையை ஆட்டினார், பரவாயில்லை, போட்டுக்கொண்டே போங்கள் என்று. அப்பா சிரித்துவிட்டு வெறுங்காலோடு ஏறினார்.

நீலப் பட்டி வைத்த ரப்பர் செருப்பு. இடதுகால் பட்டி அறுந்து, அடியில் ஊசி குத்தி வைத்திருப்பார். அதை ஜோடியாகச் சேர்த்து, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க, ஓரமாக வைப்பார்.

"ஏம்பா கழட்டுறீங்க? யாரும் கழட்டுறதில்லையே," என்று ஒருநாள் கேட்டேன்.

"உங்கம்மா தொரை பங்களாவுல தரை தொடைக்கிறாள்ல? முட்டி போட்டுத் தொடச்சு முடிப்பா, ஒருத்தன் சேத்துக் காலோட ஏறி வருவான். மறுபடி மொதல்ல இருந்து தொடைக்கணும். இதையும் யாரோ ஒருத்தி தொடச்சுத்தான வச்சிருக்கா?"

இது எனக்கு அப்போது காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. துரைக்குப் பயந்து பயந்து வந்த பழக்கம் என்றே நினைத்தேன். பயமும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் சொன்ன காரணம் அதுதான், அது பொய்யான காரணம் அல்ல.

ஒரு ஞாயிறு தபால் கந்தோர் வாசலில் அவர் குனிந்து செருப்பை ஓரம் வைத்துக்கொண்டிருந்தபோது, உங்களில் ஒருத்தி தன் அம்மாவோடு படியிறங்கி வந்தாள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். திங்கட்கிழமை வகுப்பில் அவள் நடித்துக் காட்டினாள். மேசை மேல் செருப்பைச் சேர்த்து வைத்து, கும்பிட்டு, "சாமி, ஒரு முத்திரை தாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். "தோட்டத்து ஆளுங்களுக்கு தபால் கந்தோரும் கோயில்தான்," என்றான் ஒருவன். அது யாருடைய அப்பா என்று ஒருவருக்கும் தெரியாது. நானும் சிரித்தேன்.

அப்பாவும் நானும் கடலை நானா என்று கூப்பிட்டவரை உங்களுக்கெல்லாம் 'செருப்புக் கள்ளன்' என்ற பட்டப்பெயரால்தான் தெரியும். நூதனசாலைப் பக்கம் போகும் பாதையில், ஏரி மதிலோரம், குடை போல விரிந்த ஒரு பெரிய மரத்தடியில் கூடை வைத்திருப்பார். தலையில் வெள்ளைத் தொப்பி. வறுத்த கடலையின் மேல் ஒரு சின்னத் தகரச் சட்டியில் தணல் வைத்திருப்பார், கடலை சூடு ஆறாமல் இருக்க. டவுனில் அப்பா வாய்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவர். தமிழைச் சத்தமாகப் பேச எல்லோரும் யோசித்த காலம் அது. அவர்கள் இரண்டு பேரும் மட்டும் மரத்தடியில் சிரித்துப் பேசுவார்கள்.

"தம்பி, ஒங்கட தோட்டத்துல ராத்தல் கணக்குல தேத்தண்ணி குடிப்பீங்களே, நமக்கு ஒரு சுருள் தூள் கொண்டு வரப்படாதா?"

"தொழிற்சாலைல வேல செய்றவனுக்குத்தான் நானா தூசித் தூள். நல்ல தூளு கப்பல்ல போவுது."

"அப்ப நானும் நீங்களும் ஒண்டுதான். நல்ல கடலை காருல வாறவங்களுக்கு. எனக்கு ஊட்டுல கருகினது!"

நூதனசாலைக்குப் போகும்போதெல்லாம் அப்பா செருப்பை அவரிடம் விட்டுப் போகத் தொடங்கினார். "கொஞ்சம் பாத்துக்குங்க நானா." அவர் அதைக் கூடைக்கு அடியில் தள்ளிவைப்பார்.

அந்த ஞாயிறு நான் முதலில் வெளியே வந்துவிட்டேன், வெளியே இருந்து கட்டடத்தைக் கீற வேண்டும் என்று சொல்லி. அப்பா உள்ளே ராஜா காலத்துப் பாக்குவெட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். கடலை நானா எழுந்து இடுப்புச் சாரத்தை உதறினார்.

"மகள், லுஹர் தொழுதுட்டு ஓடி வாறேன். கூடையக் கொஞ்சம் பாத்துக்கங்க. வாப்பாட செருப்பும் கீழ ஈக்கிது."

அவர் போனார். அவருடைய மொத்தப் பிழைப்பும் என் முன்னால் இருந்தது. அதன் அடியில் நீலப் பட்டிச் செருப்பு.

எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒருதரம், ஒரே ஒருதரம் செருப்பு காணாமல் போனால் அப்பா பயந்துவிடுவார். பிறகு கழற்றவே மாட்டார். கொஞ்ச நேரம் தேடவிட்டு எடுத்துக் கொடுத்துவிடலாம். மதிலில் முக்கோணம் முக்கோணமாகத் துவாரங்கள் இருக்கின்றன அல்லவா, பெருநாட்களில் விளக்கு வைக்க? இரண்டு செருப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு துவாரத்துக்குள் வைத்தேன். வெளியே தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கை சட்டென்று லேசானது. மதிலுக்கு அந்தப் பக்கம் 'பொத்' என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று.

எட்டிப் பார்த்தேன். ரப்பர் செருப்பு மிதக்கும். இரண்டும் தண்ணீரில் அடிப்பக்கம் மேலாக, தேய்ந்த குதிகால் தெரிய, ஊசி வெயிலில் மினுங்க, மெதுவாகக் கரையை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன. மதிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். யாராவது வந்து ஏரியைப் பார்த்தால் முடிந்தது.

நானா திரும்பி வந்தார். முகத்தில் இன்னும் தண்ணீர் ஈரம். கூடையைப் பார்த்துச் சிரித்து, ஒரு சுருள் நிறையக் கடலை போட்டுக் கொடுத்தார். "கூடையைக் காத்த கூலி, மகள்." நான் வாங்கிக்கொண்டேன். அதைத் தின்றேன். அது இளஞ்சூடாக இருந்தது, உப்பு சரியாக இருந்தது. இதையெல்லாம் மறந்திருக்கலாம், மறக்கவில்லை.

அப்பா வந்தார். நானா கூடையைத் தூக்கினார். ஒன்றும் இல்லை. சாக்கை உதறினார், மரத்தைச் சுற்றி வந்தார், மறுபடி கூடையைத் தூக்கினார்.

"பாப்பா, நீ இருந்தப்ப யாராச்சும் வந்தாங்களா?"

"ஒரு நாய் வந்துச்சுப்பா."

"அப்ப நாய்தான் தூக்கிருக்கும். விடுங்க நானா, அந்துபோன செருப்பு."

"அப்பிடி இல்ல தம்பி. இது அமானிதம். பாத்துக்கச் சொல்லித் தந்த சாமான். அல்லா என்னைத்தான் கேப்பான்."

"நாய்கிட்ட கேக்கட்டும் நானா," என்று அப்பா சிரித்தார். நானா சிரிக்கவில்லை.

கொதிக்கும் தாரில் அப்பா பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வெறுங்காலோடு வந்தார். நிழல் கண்ட இடத்தில் எல்லாம் ஒரு கணம் நின்றார். கடை ஜன்னலைப் பார்ப்பது போல நின்றார், கால் சுடுகிறது என்று சொல்லவில்லை.

வீட்டில் அத்தை கேட்டுவிட்டு, "ரோட்டுல யாவாரம் பண்றவன நம்பி யாராச்சும் பொருளக் குடுப்பாங்களா? அவனேதான் எடுத்திருப்பான்," என்றார். எவ்வளவு எளிதாகச் சொன்னார்! அந்த வாக்கியத்தை நான் அப்படியே பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாளே அது தேவைப்பட்டது. உங்களில் ஒருவன் என்னை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருந்தான். "உன்னோட வந்த ஆளு யாரு? கால்ல செருப்புகூட இல்ல?" எல்லோரும் திரும்பினார்கள். தபால் கந்தோர் நடிப்பு நடித்தவளும் திரும்பினாள். அவள் கண்ணில் ஏதோ பொருந்தி வருவது எனக்குத் தெரிந்தது.

"எங்கப்பா. அவருக்குச் செருப்பு இருந்துச்சு," என்றேன். "ஏரிக்கரையில கடலை விக்கிறாரே, அவரு களவெடுத்துட்டாரு."

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். இடைவேளை முழுவதும் நீங்கள் என்னைச் சுற்றி நின்றீர்கள். யாரும் என்னிடம் அதுவரை அப்படிக் கேள்வி கேட்டதில்லை. நான் சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. அவர் செருப்பைச் சாரத்துக்குள் ஒளித்தார் என்றேன். அவர் கண் ஒரு மாதிரி என்றேன். தபால் கந்தோரை எல்லோரும் மறந்துபோனார்கள்.

பிறகு வந்த வெள்ளிக்கிழமை டீச்சர் நம்மை வரிசையாக ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார், கொப்பிகளோடு படம் பிடிக்க. மரத்தடியை நெருங்கியதும் பின்வரிசையில் ஒருவன் தொடங்கினான், "செருப்புக் கள்ளன்!" பிறகு இருவர். பிறகு அது பாட்டுப் போல ஆகிவிட்டது. "செருப்புக் கள்ளன், செருப்புக் கள்ளன்!" டீச்சர் என்னைப் பார்த்து, "இந்த ஆள்தானா?" என்றார். நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்பது எனக்கே தெரியாது. ஆட்டியதாக அவர் எடுத்துக்கொண்டார். "புள்ளைங்களா, பையைப் பத்திரமா வச்சுக்குங்க," என்றார், நானாவுக்குக் கேட்கிற மாதிரி.

நானா முதலில் சுற்றிலும் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று. பிறகு என்னைக் கண்டார். முகம் மலர்ந்தது. கூடைக்கு அடியில் கைவிட்டு, பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மகள், வாப்பாட செருப்பு கிடைக்கல்ல. நாலு நாளும் தேடினேன். இதைக் குடுங்க. அளவு பாத்துத்தான் எடுத்தேன்."

பொதியை என் கையில் வைத்தார். தாள் ஓரம் விலகியிருந்தது. மண்ணிறத் தோல் செருப்பு. புதியது.

"குடுக்கிறான் பாரு! மாட்டிக்கிட்டான்!" என்று நீங்கள் கத்தினீர்கள். கூத்தாக இருந்தது உங்களுக்கு. உங்களைக் குறை சொல்ல முடியாது. களவெடுத்தவன் பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது நீலப் பட்டிச் செருப்பு அல்ல என்பது அங்கே இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மற்றவள் நான்.

அவர் என்னையே பார்த்தார். "மகள், நீங்க சொல்லுங்களே," என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

படம் பிடிப்பவர், "எல்லாரும் இங்க பாருங்க!" என்றார்.

என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருக்கவில்லை. ஆனாலும் குனிந்தேன்.

அடுத்த ஞாயிறு அப்பா கணக்கப்பிள்ளையிடம் இரவல் வாங்கிய கறுப்புச் சப்பாத்தோடு வந்தார். இரண்டு அளவு பெரிது. நூதனசாலை வாசல் வரை வந்து நின்றுவிட்டார். "நீ போயி பாத்துட்டு வா பாப்பா. இதக் கழட்டி மாட்ட நேரமாகும். போட்டுக்கிட்டு ஏற மனசு வரல்ல." நான் கேட்டது அதுதானே. இனி அவர் எந்தக் கட்டடத்திலும் செருப்பைக் கழற்றமாட்டார். எந்தக் கட்டடத்துக்குள்ளும் வரவும் மாட்டார்.

மரத்தடியில் கூடை இல்லை. பொதியை அப்பாவிடம் கொடுத்தேன், நானா தந்ததாக மட்டும் சொல்லி. பிரித்துப் பார்த்தார். "இது நம்மளோடது இல்லையே. இந்த மனுசன் ஏன் இப்பிடிச் செஞ்சாரு? நாய் தூக்கினதுக்கு அவரு என்னா பண்ணுவாரு?" மறுபடி அதே தாளில் சுற்றினார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் அந்தப் பொதியோடுதான் வந்தார், திருப்பிக் கொடுக்க. நானா கம்பளைப் பக்கம் போய்விட்டார், பள்ளிப் பிள்ளைகள் கூவி யாவாரம் படுத்துவிட்டது என்று பக்கத்தில் ஊதுபத்தி விற்றவர் சொன்னார். "புள்ளைங்க ஏன் கூவணும்?" என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். ஒரு ஞாயிறு என்னைப் பார்க்க வராமல் கம்பளைச் சந்தைக்குப் போய்த் தேடியிருக்கிறார். மூன்று கடலைக்காரர்களைக் கண்டாராம், அவர் இல்லையாம்.

கொப்பி வேலையில் எனக்குத்தான் முதல் இடம். வகுப்புச் சுவரில் ஒரு தவணை முழுக்கத் தொங்கியது.

அப்பா கடைசிக் காலத்தில் பல்லேகலையில் என்னோடு இருந்தார். அவர் போன பிறகு அலுமாரியின் மேல்தட்டில் அந்தப் பொதி இருந்தது. தாள் பலதரம் மாற்றியிருந்தார். தோல் கல்லாக இறுகிவிட்டது. அடியில் ஒரு மண்துகள் கிடையாது. அவர் எதையாவது ஊகித்தாரா? தெரியாது. ஊகித்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பார் என்று சில நாள் நினைக்கிறேன். ஊகித்ததால்தான் கேட்கவில்லை என்று சில நாள்.

நேற்று ஞாயிறு. மகனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் அவனுக்கு வழக்கமான புத்திமதிகள் எல்லாம் சொன்னேன், போனை உள்ளே வை, ஜன்னலில் கை வைக்காதே, கேட்டதற்கு உண்மையைச் சொல். கடைசியைச் சொல்லும்போது நாக்கு தடுக்கியது. மதிலோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு துவாரத்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டான்.

"இதுக்குள்ளயா?"

"இங்கதான் எங்கயோ. எதுன்னு தெரியல்ல."

"விழும்னு தெரியாமத்தானே வச்சீங்க?"

"ஆமா."

"அப்ப அது பிழை இல்ல. அதுக்குப் பிறகுதான்..." என்று நிறுத்தினான். கையை வெளியே எடுத்து, தூசியைக் காற்சட்டையில் துடைத்தான். "போன கிழமை எனக்கும் பொய்தானே சொன்னீங்க?"

"ஆமா."

பாதையைக் கடக்கும்போது அவன் என் கையைப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "குரூப்புல போடுங்கம்மா," என்றான்.

போடுகிறேன். கடலை நானாவின் வீடோ ஊரோ உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவர் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தப் பொதியை அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எதற்காக என்பதையும் என் வாயால் சொல்ல வேண்டும். படத்தை அழித்துவிடாதீர்கள். அவர் முகம் பாதியாவது இருப்பது அதில்தான். அந்தச் சிவப்பு வட்டத்தை மட்டும் அவர்மேல் இருந்து எடுத்துவிடுங்கள். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, காலடியில் ஒரு பொதியை வைத்துக்கொண்டு, அவிழாத கயிற்றைக் கட்டக் குனிந்திருக்கிறாளே, யாருக்கும் பெயர் வராத அந்தப் பிள்ளை. வட்டத்தை அவள்மேல் போடுங்கள்.